கற்பிக்கும் நேரத்தையும் டூட்டியில் எழுதுங்கள்

எங்கள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மதிப்பிற்குரிய டீன் அவர்களுக்கும் செவிலியர் கண்காணிப்பாளர் அவர்களுக்கும் வணக்கம்.

டிஸ்சார்ஜ் ஆன நோயாளிக்கு இன்சுலின் போடும் முறையைச் சரியாக விளக்கவில்லை என்று ஆண்கள் வார்டுச் செவிலியர் ஒருவருக்குச் சென்ற வாரம் மெமோ கொடுக்கப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். அந்த நோயாளி ஏன் திரும்பி வந்தார் என்பதை மட்டும் சொல்ல அனுமதியுங்கள்.

இங்கே அவருக்குக் கொடுத்தனுப்பியது மில்லிக்கு 40 யூனிட் கொண்ட குப்பி. அதற்குச் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு வேண்டும். ஊரில் கடைக்காரர் கொடுத்ததோ 100 யூனிட் மருந்துக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. சீட்டில் இருந்தபடி அவர் 20 என்ற கோடு வரை சரியாகத்தான் இழுத்திருக்கிறார். அந்த சிரிஞ்சில் அந்தக் கோடு 0.2 மில்லிதான் என்பதால், 20 யூனிட்டுக்குப் பதில் உடம்புக்குள் போனது 8 யூனிட். சர்க்கரை ஏறி, ஆறிக்கொண்டிருந்த கால் புண் மறுபடியும் சீழ் பிடித்துவிட்டது. இதைத் தடுக்க வேண்டுமானால், இரண்டு சிரிஞ்சுகளையும் அவர் கையில் கொடுத்து, அவரையே மருந்தை இழுக்கச் சொல்லி, தவறினால் திருத்தி, வீட்டில் ஊசி போடப்போகும் மனைவியையும் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு இருபது நிமிடமாவது ஆகும். நாற்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளை இருவர் பார்த்துக்கொண்ட அந்தக் காலை ஷிப்டில், ரவுண்ட்ஸுக்கும் டிரிப்புக்கும் இடையே அந்த இருபது நிமிடம் எங்கிருந்து வரும்? ஆனாலும் ரிஜிஸ்டரில் 'விளக்கம் அளிக்கப்பட்டது' என்ற முத்திரை இருக்கிறது. அந்த முத்திரையைச் செய்து கொடுத்தது நிர்வாகம்தான்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். காலை ஷிப்டில் ஒவ்வொரு வார்டிலும் ஒரு செவிலியருக்கு, வேறு எந்த வேலையும் தராமல், கற்பிப்பதற்கென்றே ஒரு மணி நேரத்தை டூட்டி பட்டியலில் எழுதுங்கள்.

நோயாளிகளுக்கு மட்டுமல்ல, வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவிகளுக்கும் அந்த நேரம் வேண்டும். வருகைப் பதிவு முடிந்ததும் அவர்கள் எங்கள் பொறுப்புக்கு வந்துவிடுகிறார்கள். சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால் ரத்த மாதிரிகளை லேபுக்குத் தூக்கிச் செல்வதிலேயே அவர்களுடைய வார்டு பயிற்சி கழிகிறது. புதிதாகச் சேரும் செவிலியர்களோ அவசர மருந்துகள் வைக்கும் கிராஷ் ட்ராலியில் எந்த மருந்து எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று தெரியும் முன்பே இரவு டூட்டிக்குப் போகிறார்கள். மருத்துவர்களின் வகுப்புக்கு நேர அட்டவணையும் புரொஜெக்டரும் உண்டு. எங்கள் வகுப்பு ஊசி ட்ராலியைத் தள்ளிக்கொண்டே நடக்கிறது. செவிலியர் தினமான மே 12 அன்று மட்டும் கையில் மெழுகுவத்தி கொடுத்து நைட்டிங்கேலின் பெயரால் உறுதிமொழி எடுக்கச் சொல்கிறீர்கள். 1860இல் லண்டனில் அவர் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் மாணவிகளுக்கு வேலை கற்றுத்தந்தவர்களும் வார்டு சிஸ்டர்கள்தான் என்பதை விழா மேடையில் யாரும் சொல்வதில்லை.

போதனை மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். அது இன்றே கைகூடாது என்பதை அறிவோம். அதுவரை ஒரு மணி நேரம் மட்டும் கேட்கிறோம்.

மெமோவுக்கான விளக்கத்தை அந்தச் செவிலியர் உரிய நாளுக்குள் தந்துவிடுவார். அதைத் தாங்கள் படிக்கையில் அன்றைய டூட்டி பட்டியலையும் அருகில் வைத்துப் பார்க்குமாறும், அடுத்த மாதப் பட்டியலில் அந்த ஒரு மணி நேரத்தைச் சேர்க்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மருத்துவமனையின் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர்