வால்பாறைச் சாலையில் கைகொடுத்தவர்களுக்கு

பொள்ளாச்சியில் விடியுமுன் கிளம்பி, வால்பாறை ஏறி, பொழுது சாயுமுன் ஆழியாறு இறங்கிய எங்கள் சைக்கிள் குழுவுக்கு வழியில் உதவிய எல்லோருக்கும் வணக்கம். பெயர் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டோம். நீங்கள் ஒவ்வொருவரும் செய்தது எந்தக் கோளாறைத் தடுத்தது என்றாவது எழுதி வைக்கிறோம். அடுத்து ஏறுகிறவர்களுக்கு உதவும்.

ஆழியாறு சோதனைச்சாவடி ஊழியர்களே, பிளாஸ்டிக்கை எடுத்து வைக்கச் சொன்னபோது எங்களில் சிலர் முணுமுணுத்தது உண்மை. தின்பண்டத்தை ஹேண்டில் பையிலிருந்து முதுகுப்பைக்குள் மாற்றச் சொன்னதும் நீங்கள்தான். கவியருவி பக்கம் குரங்குகள் கண் வைப்பது அந்த முன்பையில்தான்.

அரசுப் பேருந்து ஓட்டுநர் அண்ணன்மாருக்குத் தனி நன்றி. 40 கொண்டை ஊசி வளைவிலும் உள்விளிம்புதான் ரொம்பச் செங்குத்து. இடப்பக்கம் திரும்பும் வளைவில் ஓரமாகவே மிதித்தால் முன்சக்கரம் தூக்கும், மிதி நின்றுபோகும். அதனால் சாலையின் நடுவுக்கு விலகித்தான் திரும்ப வேண்டும். அது தெரிந்து, ஹாரன்கூட அடிக்காமல், நாங்கள் திரும்பி முடிக்கும்வரை பின்னால் நின்றீர்கள்.

அட்டகட்டி டீக்கடை அம்மா, எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரையோடு உப்பும் கூட்டிப் போட்டுத் தந்தீர்கள். ஏற்றத்தில் ஆளுக்கு மணிக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் இறங்கும். வெறும் தண்ணீராகவே குடித்தால் வயிறு உப்பும், கால் மட்டும் தளர்ந்தே இருக்கும்.

பெரிய கடன் வால்பாறை பைக் மெக்கானிக் அண்ணனுக்கு. எங்கள் சைக்கிள் ஒன்று வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்ததில் சங்கிலியைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் பின் டிரெய்லியர் தொங்கும் ஹேங்கர் என்ற சிறு உலோகத் துண்டு உள்நோக்கி வளைந்துவிட்டது. அந்த நிலையில் பெரிய பல்சக்கரத்துக்கு கியர் மாற்றினால் டிரெய்லியர் ஆரக்கம்பிக்குள் போகும். சக்கரம், சங்கிலி, ஹேங்கர் மூன்றும் ஒரே நொடியில் போய்விடும். அலுமினியம் என்பதால் ஒரேயடியாக நிமிர்த்தினால் முறியும். நீங்கள் ஆலன் சாவியைப் போட்டுச் சிறுகச் சிறுக நெம்பினீர்கள், பின்னால் நின்று கண்ணளவில் பல்சக்கரத்தோடு நேர் பார்த்தீர்கள். அது போதாதென்று டிரெய்லியர் உள்நோக்கி எவ்வளவு போகலாம் என்று கட்டுப்படுத்தும் ‘எல்’ திருகை அரைச் சுற்று உள்ளே முறுக்கி, சங்கிலி பெரிய பல்சக்கரத்துக்கு ஏறவே முடியாமல் செய்தீர்கள். லேசான கியர் ஒன்று போனது. இறக்கத்துக்கு அது எதற்கு? சைக்கிள் கடைக்காரரே மறந்துவிடக்கூடிய திருகு அது. கூலி வாங்க மறுத்தது மட்டும் சரியில்லை அண்ணா.

ரொட்டிக்கடை அருகே, யானை நிற்கிறது என்று விளக்கை அணைத்து அணைத்துக் காட்டிய பிக்கப் ஓட்டுநருக்கும் நன்றி. அந்தப் பனிமூட்டத்தில் எங்களால் அதைப் பார்த்திருக்க முடியாது.

இறக்கத்தில் 9ஆவது வளைவுக் காட்சிமுனையில் எங்களை மறித்து நிறுத்திய பெரியவரே, ரிம்மைத் தொட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். விரல் வைக்க முடியவில்லை. பிரேக்கை விடாமல் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடேறும், டியூபில் காற்றழுத்தம் கூடும், பழைய ஒட்டு இளகும், கடைசியில் டயர் வெடிக்கும். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைந்ததும் முழுதாக விட்டுவிட வேண்டும். பத்து வளைவுக்கு ஒருமுறை நின்று ஆறவிட வேண்டும். இது தெரிந்தும் அவசரத்தில் 30 வளைவை நிற்காமல் இறங்கியிருந்தோம். பச்சைத் தண்ணீரை ரிம்மில் ஊற்றப் போனவரைத் தடுத்ததும் நீங்கள்தான்.

ஆழியாறு பஞ்சர் கடை அண்ணா, சொல்யூஷன் தடவி ஐந்து நிமிடம் காயவிட்ட பிறகே ஒட்டினீர்கள். டயரில் கிழிந்த இடத்துக்கு உள்ளே பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்தீர்கள், பொள்ளாச்சிவரை தாங்கியது. உங்கள் பம்பு எங்கள் டியூபின் மெல்லிய பிரெஸ்டா வால்வில் பொருந்தாமல் தவித்தோமே, அதற்காக இரண்டு பித்தளை அடாப்டரும், 700×32 அளவில் இரண்டு டியூபும் பேருந்தில் கொடுத்தனுப்புகிறோம். கடையில் தொங்கவிடுங்கள். கேட்டு வருகிறவர்களுக்குக் காசு வாங்காமல் கொடுங்கள். தீர்ந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள்.