உன் தோட்டத்துக் கூடு

கோவை

அன்புள்ள ராகவா,

குவாஹாட்டியிலிருந்து நீ அனுப்பிய கடிதமும் படங்களும் வந்தன. பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள் என்றதும் கமலாவுக்கு ஒரே சந்தோஷம். அவளுக்கு முழங்கால் வலி குறைந்து, மாடிப்படி ஏறுகிறாள்.

சரி, உன் தோட்டத்தில் கூடு கட்டிய பூச்சி விஷயம். அக்கம்பக்கத்தார் அதை எரிப் பட்டுப்பூச்சி, அதாவது பட்டுக்காக வீட்டில் வளர்க்கும் பூச்சி என்கிறார்கள், பழைய புத்தகத்தில் சாமியா சிந்தியா என்ற அறிவியல் பெயர் இருக்கிறது, எது சரி என்று கேட்டிருந்தாய். இரண்டுமே இல்லை என்று நினைக்கிறேன். அது சாமியா கேனிங்கி, எரிப் பூச்சியின் காட்டு மூதாதை.

கூட்டைப் பார். பழுப்பு நிறம், பட்டாலேயே ஆன காம்பு ஒன்றால் குச்சியில் தொங்குகிறது. வீட்டில் வளரும் எரிப் புழு காம்பு கட்டாது. அதன் கூடு வெள்ளையாகவோ செங்கல் நிறமாகவோ பஞ்சு போலத் தளர்ந்திருக்கும். பூச்சியின் வயிற்றுப் பகுதியும் எரியில் முழுக்க வெள்ளை ரோமம். உன்னுடையதில் பழுப்பின் மேல் வெள்ளைக் கொத்துகள்தான். சிறகில் உள்ள பிறையை மட்டும் நம்பாதே, சாமியா என்ற இந்தப் பேரினத்தில் எல்லாவற்றுக்கும் அது உண்டு.

சிந்தியா சீனத்து இனம். பட்டுக்காக 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுபோனார்கள். எரிப் பூச்சியையும் அதன் உட்பிரிவாகவே வெகுகாலம் எழுதிவந்ததால்தான் இவ்வளவு குழப்பம். 2003-இல் பைக்லர், நௌமன் என்ற ஆய்வாளர்கள் பேரினம் முழுவதையும் மறுபடி ஆராய்ந்து, காட்டில் இருப்பது கேனிங்கி, அதிலிருந்து மனிதர் வளர்த்தெடுத்த எரிப் பூச்சி சாமியா ரிசினி என்று பிரித்தார்கள்.

இரண்டும் கலந்து இனம்பெருக்குமே, ஒரே பெயர் போதாதா என்று நீ கேட்பாய். போதாது, ராகவா. எரிப் பூச்சிக்குச் சரியாகப் பறக்கக்கூட வராது, ஆமணக்கு இலையை நாம் போட்டால்தான் அதன் புழு பிழைக்கும். கேனிங்கிக்குக் காடு வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால், காட்டில் அது அருகிக்கொண்டே வந்தாலும் யாருக்கும் தெரியாது. வளர்ப்பவர்கள் கணக்கில் பூச்சி ஏராளமாக இருக்குமே! மல்பெரிப் பட்டுப்பூச்சிக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அதன் காட்டு உறவான பாம்பிக்ஸ் மண்டரினாவின் தனிப்பெயரை, அதே 2003-இல் விலங்கியல் பெயரிடலுக்கான சர்வதேச ஆணையமே நிலைநிறுத்திவிட்டது.

பூச்சியைப் பிடிக்க வேண்டாம். அது வெளிவந்துவிட்ட காலிக் கூட்டைக் குச்சியோடு நறுக்கி வை. அந்த மரத்து இலை இரண்டையும் செய்தித்தாளில் அழுத்தி, இடமும் தேதியும் எழுதிவிடு. பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
சிவராமன்