எரிக் கேம்பெல் பெயரைப் போடுங்கள்: திரைப்படச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். மியூச்சுவல் கம்பெனிக்காக 1916, 1917இல் சாப்ளின் எடுத்த 12 குறும்படங்களையும் வரிசையாகத் திரையிட்டு வருகிறீர்கள். நல்ல காரியம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த மடல் அந்தப் போஸ்டரைப் பற்றியது. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். அன்று வாசலிலேயே நாலைந்து பேர் கேட்டோம், "பார்க்கலாம் சார்" என்றீர்கள்.

'ஈஸி ஸ்ட்ரீட்' படத்தில் போலீஸ் உடுப்பில் சாப்ளின் அண்ணாந்து பார்த்து மிரளும் ஸ்டில் அது. யாரைப் பார்த்து மிரளுகிறார்? போஸ்டரில் ஆளே இல்லை. அந்த இடத்தை அடைத்துக்கொண்டு நின்றவரை வெட்டிவிட்டு நகைக்கடை விளம்பரத்தை வைத்திருக்கிறீர்கள். பவுன் விலையைக் கேட்டு சாப்ளின் அரண்டுபோன மாதிரி இருக்கிறது. துண்டறிக்கையிலோ 'ஒரு குண்டு வில்லன்' என்பதோடு அவர் கதை முடிந்தது.

அந்தக் குண்டு வில்லனின் பெயர் எரிக் கேம்பெல். இங்கிலாந்தில் பிறந்து, சாப்ளினைப் போலவே ஃப்ரெட் கார்னோவின் நாடகக் குழுவில் இருந்தவர். ஆறடியைத் தாண்டிய உயரம், அதற்கேற்ற உடம்பு, நெற்றி வரை ஏற்றி வரைந்த புருவம். நீங்கள் திரையிடும் 12 படங்களில் 11இல் அவர் இருக்கிறார். 'ஒன் ஏ.எம்.' மட்டும்தான் விலக்கு, அது கிட்டத்தட்ட சாப்ளின் தனியாளாகவே நடித்த படம்.

போன முறை நீங்கள் போட்ட 'தி இமிக்ரண்ட்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டல் காட்சிக்கு அரங்கமே சிரித்தது. பில்லில் 10 சென்ட் குறைந்ததற்காக ஒரு வாடிக்கையாளரை சர்வர்கள் சேர்ந்து அடித்துத் துவைக்கிறார்கள். அதைப் பார்த்த சாப்ளின் தன் பையைத் தடவுகிறார், காசில்லை. பிறகு தரையில் கிடக்கும் ஒரு காசை எப்படியோ எடுத்துக் கொடுத்தால், சர்வர் அதைக் கடித்துப் பார்க்கிறார். செல்லாக்காசு! அந்த சர்வர்தான் கேம்பெல். முதலில் அந்த வேடத்தில் நடித்தவர் ஹென்றி பெர்க்மன். எடுத்த வரை பார்த்த சாப்ளினுக்குத் திருப்தியில்லை. பெர்க்மனைப் பார்த்தால் பயமே வரவில்லை. கேம்பெல்லைப் போட்டு மறுபடி எடுத்தார், பெர்க்மனுக்கு அதே படத்தில் ஓவியர் வேடம் கொடுத்தார். அடி விழும் என்று நமக்கும் வயிற்றைக் கலக்கினால்தான் அந்தச் செல்லாக்காசுக்குச் சிரிப்பு வரும். எடுத்த காட்சியைத் தூக்கிப்போட்டுத் திரும்ப எடுக்கும் அளவுக்கு சாப்ளினுக்கு அது முக்கியமாகப் பட்டது. உங்கள் துண்டறிக்கைக்குத்தான் படவில்லை.

அந்த மனிதருக்கு வாழ்க்கையும் ஒன்றும் வாரி வழங்கவில்லை. 1917 ஜூலையில் மனைவி இறந்தார். அடுத்த சில நாட்களில் மகள் மேல் கார் மோதிப் பலத்த காயம். அந்த டிசம்பர் 20 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த கார் விபத்தில் அவரும் போய்விட்டார். வயது 37. தகனத்துக்குப் பின் அஸ்தியை வாங்கிப்போக யாரும் வரவில்லை. ஒரு வருடம், இரண்டு வருடம் அல்ல, 1952இல்தான் ரோஸ்டேல் கல்லறைத் தோட்டத்தில் அதைப் புதைத்தார்கள். அதுவும் எந்த இடத்தில் என்று குறித்து வைக்காமல். அந்த 35 வருடங்களில், 'ஈஸி ஸ்ட்ரீட்' படத்தில் அவர் லாந்தர் கம்பத்தை வளைத்ததைப் பார்த்து எத்தனை ஊர்களில் எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்! இதையெல்லாம் படித்த பிறகு, 'குண்டு வில்லன்' என்ற வரியைச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

ஆகவே கேட்கிறேன், அவர் பெயரைப் போடுங்கள்.

இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அதே துண்டறிக்கையில் புரவலர் பெயர் மூன்று இடத்தில், ஓர் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறது. தொடக்க விழாவில் பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் ஒரு ரீல் ஓடியிருக்கும். படம் என்னவோ எல்லாரும் வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்ட வேகத்தில் ஓடுகிறது, பின்னணிக்கு யாரோ ஒட்டிவைத்த டிரம்ஸ் காதைப் பிளக்கிறது. மௌனப் படம் பார்த்துவிட்டுத் தலைவலி மாத்திரை தேடும் ஊர் நம் ஊராகத்தான் இருக்கும்.

சரி, அதெல்லாம் வேறு கதை, இன்னொரு நாள் பேசலாம். கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வாங்காமல் இதை நடத்துகிறீர்கள் என்பது எனக்கும் தெரியும்.

ஸ்காட்லாந்தில் டனூன் என்றொரு ஊர் இருக்கிறது. கேம்பெல் எங்கள் ஊரில் பிறந்தவர் என்று நம்பி அங்கே அவருக்கு நினைவுப் பலகை வைத்தார்கள். பிற்பாடு ஆவணங்களைத் தேடியவர்கள் அவர் பிறந்தது இங்கிலாந்தின் சேல் என்ற ஊரில் என்கிறார்கள். தன் ஊர்க்காரர் என்று நினைத்ததற்கே ஓர் ஊர் பலகை வைத்திருக்கிறது. நான் பலகை கேட்கவில்லை.

அடுத்து 'தி அட்வென்ச்சரர்' என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் தாடி வைத்துக்கொண்டு, தண்ணீரில் விழுந்து, சாப்ளினால் கரைசேர்க்கப்பட்டு, அவரையே காட்டிக்கொடுக்கப் பார்ப்பவரும் இவர்தான். படம் தொடங்கும் முன் ஒரு ஸ்லைடு, துண்டறிக்கையில் ஒரு வரி, அவ்வளவு போதும். எரிக் கேம்பெல்: எண்ணிப் பார்த்தால் ஏழே எழுத்து. போஸ்டரை மறுபடி அச்சடிப்பதாக இருந்தால், அந்த ஸ்டில்லை வெட்டாமல் முழுதாகப் போடுங்கள். நகைக்கடையைக் கீழே வைத்துக்கொள்ளலாம். அச்சகத்துக்குப் போகும் முன் எழுத்துப்பிழை பார்க்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நானே வந்து பார்த்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசையில் உட்காரும் உங்கள் ஆயுள் சந்தா உறுப்பினர்