சர்வர் புதிது, கிளையன்ட் பழையது

ஆசிரியருக்கு,

குன்னூர், கோத்தகிரி பக்கம் பசுந்தேயிலைக் கொள்முதல் கணக்கை போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தள மென்பொருளில் வைத்திருப்போர் கவனத்துக்கு. சர்வரை (தரவு இருக்கும் மையப் பகுதி) 14-ஆம் பதிப்புக்கு ஏற்றியபின் புதிதாக வைக்கும் கடவுச்சொல் இயல்பாகவே ஸ்க்ராம்-ஷா-256 என்னும் புதிய குறியாக்க முறையில் சேமிக்கப்படும். எம்டி5 என்னும் முந்தைய முறையில் இருக்கும் பழைய கடவுச்சொல் அப்படியே ஓடலாம். அதை மாற்றும் நாளில்தான் சிக்கல். எடை போடும் இடத்துக் கணினியில், அதாவது சர்வரோடு இணையும் கிளையன்ட்டில், 10-ஆம் பதிப்புக்கு முந்தைய லிப்பிக்யூ (அந்த இணைப்பைச் செய்யும் மென்பொருள் நூலகம்) இருந்தால், 'ஆதென்டிகேஷன் மெத்தட் 10 நாட் சப்போர்ட்டட்' (இந்த உள்நுழைவு முறை எனக்குத் தெரியாது) என்று நின்றுவிடும். (மழைக்காலமானால் பழி நெட்வொர்க் மேல்தான் விழும்!) எம்டி5-க்கே திரும்புவது சோம்பேறி வழி. கிளையன்ட்களை முதலில் புதுப்பியுங்கள், சர்வரைப் பிறகு.

பேக்கப் இன்னும் கறார். தன்னைவிடப் புதிய மேஜர் பதிப்பு (13, 14 போன்ற முதன்மை எண்) சர்வரிலிருந்து, பேக்கப் எடுக்கும் கருவியான பிஜி-டம்ப் எதையும் எடுக்காது. இரவில் தானாக ஓடும் பேக்கப் வெற்றுக் கோப்பாகக் கிடக்கலாம். காலையில் கோப்பின் அளவைப் பாருங்கள்.

— வாசகர், கோத்தகிரி