அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பொதுக் குழந்தைகள் காப்பகம் அமைக்கக் கோரி மனு

அனுப்புநர்:
சிறு தொழிற்கூடங்களில் வேலை செய்யும் பெண்கள்,
அம்பத்தூர் தொழிற்பேட்டை, சென்னை.

பெறுநர்:
மேலாண்மை இயக்குநர் அவர்கள்,
தமிழ்நாடு சிறுதொழில் வளர்ச்சிக் கழகம் (சிட்கோ),
திரு.வி.க. தொழிற்பேட்டை, கிண்டி, சென்னை.

பொருள்: சிறு கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளுக்குப் பேட்டைக்குள் பொதுக் காப்பகம் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நாங்கள் அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல், செக்கிங், பேக்கிங், பிரஸ் ஷாப் வேலைகளில் இருக்கிறோம். மனுவை எழுதும் நான் ஒரு பட்டறையில் கணக்கு பார்க்கிறேன்.

நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். இந்தப் பெருமையில் எங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் குழந்தை பிறந்ததும் எங்களில் பலர் வேலையை விட வேண்டியதாகிறது. பார்த்துக்கொள்ள மாமியாரோ அம்மாவோ இருந்தால் சரி, இல்லையென்றால் வீட்டோடுதான். மூன்று நான்கு வருடம் கழித்துத் திரும்பி வந்தால், முன்பு செக்கிங்கில் கைதேர்ந்தவராக இருந்தவரையும் ஹெல்பர் சம்பளத்தில்தான் சேர்க்கிறார்கள். முதலாளிக்கும் நஷ்டம்தான். பழகிய கை போய்விட்டால், புது ஆளுக்குக் கற்றுக்கொடுப்பதிலேயே பாதி ஆர்டர் தள்ளிப்போகும்.

சட்டம் இருக்கிறதே என்று தாங்கள் கேட்கலாம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் காப்பகம் வேண்டும் என்றது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. எங்கள் கம்பெனிகளில் ஒன்றில் 12 பேர், பக்கத்தில் 20 பேர், எதிரே 8 பேர். தனித்தனியாக எண்ணினால் யாரும் சட்டத்துக்குள் வரமாட்டோம். ஒரே தெருவில் உள்ளவர்களைச் சேர்த்து எண்ணினாலோ 50 எப்போதோ தாண்டிவிடும்! சிறு தொழில்கள் ஒரே இடத்தில் சாலை, மின்சாரம், தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளத்தான் பேட்டை என்ற ஏற்பாடே வந்தது. காப்பகத்தையும் அப்படிப் பகிர்ந்துகொள்ள முடியாதா?

அங்கன்வாடி இருக்கிறது, நன்றி. ஆனால் அது மாலையில் எங்கள் ஷிப்ட் முடியும் முன்பே மூடிவிடும். கைக்குழந்தையை அங்கே விடவும் முடியாது. போன மழைக்காலத்தில் எங்கள் பேக்கிங் மேசைக்கு அடியில், விரித்த அட்டைப்பெட்டி மேல் ஒன்றரை வயதுக் குழந்தை தூங்கியது. பத்தடி தள்ளி ஸ்ட்ராப்பிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காததுபோல் போனார். நல்ல மனிதர்தான், ஆனால் அந்த நல்ல மனதை நம்பி எத்தனை நாள் குழந்தையைக் கொண்டுவருவது?

இது புதிய யோசனை இல்லை. ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் பஞ்சாலையில், அதை நடத்திய ராபர்ட் ஓவன் 1816இலேயே தொழிலாளர்களின் சிறு பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார்; அதனால் ஆலை ஒன்றும் நொடித்துப் போகவில்லை. ஐ.நா. 1990 முதல் மனித வளர்ச்சியை அளப்பது ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றையும் வைத்து. ஒரு நல்ல காப்பகத்தில் குழந்தைக்குச் சத்துணவும் முதல் பாடமும் கிடைக்கும், தாய்க்குச் சம்பளம் நிற்காது. இதைவிடக் குறைந்த செலவில் அந்த மூன்றையும் தொடும் திட்டம் எங்களுக்குத் தெரியவில்லை. அப்புறம், தங்கள் அலுவலகம் இருக்கும் பேட்டைக்கே 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது உடன் நின்ற திரு.வி.க.வின் பெயர்தான். உரிமையோடு கேட்க எங்களுக்கு அதுவும் ஒரு தைரியம்.

ஆகவே, பேட்டைக்குள் கழகத்துக்குச் சொந்தமான ஒரு காலிக் கட்டடத்தையோ இடத்தையோ காப்பகத்துக்கு ஒதுக்க வேண்டுகிறோம். மத்திய அரசின் பால்னா திட்டத்தில் அங்கன்வாடியோடு காப்பகம் நடத்த வழியிருப்பதால், சமூகநலத் துறையுடனும் மாநகராட்சியுடனும் தாங்கள் பேச வேண்டும். காலை 8 மணி முதல் இரவு 7 மணி வரை, ஆறு மாதக் குழந்தை முதல் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாதக் கட்டணமாக எங்களால் முடிந்ததைத் தருகிறோம். கம்பெனிகளிடமும் ஆள் கணக்குப்படி ஒரு பங்கு வசூலிக்கலாம். முதலாளிகள் சிலர் இதற்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள், அந்தத் தாள்களையும் இணைத்துள்ளோம்.

இடத்தை நேரில் பார்க்க ஒரு அதிகாரியை அனுப்பினால் நாங்களே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தால் எல்லோரும் இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பெண் தொழிலாளர்கள்
(கையெழுத்துகள் இணைப்பில்)