முகம் பொருந்தாவிட்டால் சத்துமாவு கிடையாதா?

மதிப்பிற்குரிய உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். சத்துமாவு வாங்க வருகிறவரின் முகத்தைச் செல்போன் செயலியில் படம் பிடித்து, ஆதார் படத்தோடு பொருந்தினால்தான் கொடுக்க வேண்டும் என்கிற முகப்பதிவு எதற்காக வந்தது, அதற்கான சுற்றறிக்கை என்ன சொல்கிறது என்பதெல்லாம் தங்களுக்குத் தெரியும். போலிப் பெயரில் சத்துமாவு போகக் கூடாது என்பதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. போன விநியோகத்தன்று எங்கள் அங்கன்வாடியில் நடந்ததை மட்டும் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

எட்டு மாதக் கர்ப்பிணி. ரத்தம் குறைவு என்று அட்டையிலேயே எழுதியிருக்கிறது. ஆதாரில் இருப்பது பள்ளியில் படிக்கும்போது எடுத்த படம்: ரெட்டைச் சடை, ஒட்டிய கன்னம். இப்போது முகம் நீர் கோத்து வீங்கியிருக்கிறது. மையத்துக்குள் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரே ஜன்னல். உள்ளே நிறுத்தினால் இருட்டு. வாசலில் நிறுத்தினால் பின்னாலிருந்து வெயில் அடித்து முகம் கறுப்பாக விழுகிறது. முற்றத்துக்குக் கூட்டிவந்தால் கண் கூசுகிறது. செயலியோ கண்ணைச் சிமிட்டு என்கிறது. பொட்டை எடுத்துப் பார்த்தோம், முந்தானையால் வியர்வையைத் துடைத்துப் பார்த்தோம். நிற்க முடியாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். "டீச்சர், மாசாமாசம் என்னை எடை போட்டு எழுதுறது நீங்கதானே?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் வெறும் பையோடு அனுப்பினேன். பதிவில்லாமல் கொடுத்தால் இருப்புக் கணக்கு இடிக்கும், விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வரும்.

இது செல்போனின் குறை மட்டுமல்ல. செயலி முகத்தை எண்களாக மாற்றிப் பழைய படத்தோடு ஒப்பிட்டு, இவ்வளவு ஒத்துப்போனால் சரி என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்கிறது. வரம்பைத் தளர்த்தினால் வேறு ஆளும் உள்ளே வரலாம். இறுக்கினால் உரியவரே வெளியே நிற்க நேரும். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தாலோ, வயது கூடினாலோ, உடம்பு ஊதினாலோ, இளைத்தாலோ ஒற்றுமை குறையத்தான் செய்யும். சத்துமாவு வாங்க வருகிறவர்களோ கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும். மாதத்துக்கு மாதம் உடம்பு மாறும் இவர்களிடம் போய், முகம் மாறக் கூடாது என்கிறோம்.

எனவே கேட்பது ஒன்றுதான்: முகம் பொருந்தாத இடத்தில், பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுக்க எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். "அனுசரித்துக் கொடுங்கள்" என்று வாய்மொழியாகச் சொன்னால் போதாது. தணிக்கை வரும்போது அந்த வாய் எங்களுக்குத் துணை வராது.

பயிற்சியன்று குளிரூட்டிய அரங்கில், நல்ல விளக்கின் கீழ், பயிற்சியாளர் முகத்தைச் செயலி சட்டென்று பிடித்தது; நாங்களும் கைதட்டினோம். அதே வெளிச்சம் எங்கள் மையத்திலும் விழவேண்டும் என்று சூரியனுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிட்டால் நல்லது. டேட்டா தீர்ந்தால் ரீசார்ஜ் எங்கள் மதிப்பூதியத்திலிருந்து. பதிவுக்கான ஓடிபி போகும் செல்போன் திருப்பூரில் ஷிஃப்டில் இருக்கும் கணவரிடம். இதற்கிடையில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதை யாராவது நினைத்துப் பார்த்தீர்களா?

வரம்பு மீறிப் பேசியிருந்தால் பொறுத்தருளுங்கள். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உணவை உரிமையாகக் கொடுத்திருக்கிறது. அடுத்த விநியோக நாளுக்குள், முகம் பொருந்தாதவர்களுக்குக் கையெழுத்தின் பேரில் சத்துமாவு கொடுக்க ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆணையின் நகல் ஒன்று ஒவ்வொரு மையத்துக்கும் வந்தால் சுவரில் ஒட்டிவைப்போம்.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடிப் பணியாளர்