எச்சிலை லேபுக்கு அனுப்பச் சொல்லும் பெரியவர்களுக்கு

இஸ்ரேல் தலைமை ராபி (யூத மதகுரு) அலுவலகத்தின் பெரியவர்களுக்கு, வணக்கம்.

கல்யாணம் பதிய வருகிறவர்களிடம், யூதர்தானா என்று பார்க்க டிஎன்ஏ சோதனை கேட்காதீர்கள். சொல்ல வந்தது இதுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2019இல் விஷயம் வெளியே வந்தபோது, அப்போதைய தலைமை ராபி டேவிட் லாவ், இது கட்டாயமில்லை, சந்தேகம் இருக்கும் இடத்தில் ஒரு உதவிதான் என்கிற மாதிரி விளக்கம் கொடுத்தார். சரி. ஆனால் உங்கள் நாட்டில் சிவில் திருமணம் கிடையாது, யூதர்களின் கல்யாணப் பதிவு உங்கள் கையில், உங்களை விட்டால் சைப்ரஸுக்கு விமானம் ஏற வேண்டியதுதான் என்று இருக்கும்போது, நீங்கள் நீட்டுகிற 'உதவி'யை வேண்டாம் என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

இப்படிச் சந்தேகப்பட்டு உங்கள் மேசைக்கு எதிரே நீங்கள் உட்கார வைப்பது பெரும்பாலும் முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளை. அவர்களுடைய பாட்டிமாரின் சோவியத் உள்நாட்டுப் பாஸ்போர்ட்டில் ஐந்தாவது வரியில் 'யூதர்' என்று எழுதியிருந்தது, அந்த ஒரு வரியாலேயே பலருக்கு நல்ல கல்லூரியில் இடமில்லை, வேலையில் உயர்வில்லை. சிலர் பயந்துபோய்ப் பெயரையே மாற்றிக்கொண்டார்கள், சிலரது காகிதங்கள் போரில் போயின. அங்கே யூதர் என்று ஒதுக்கினார்கள். இங்கே, யூதர்தானா என்று கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியை விட்டுத் தேய்க்கிறீர்கள். மணப்பெண்ணோடு நிற்கவில்லை, அம்மாவும் வர வேண்டும், பெரியம்மாவும் வர வேண்டும். அந்த அம்மா, தத்தெடுத்த விஷயத்தை மகளிடம் சொல்லாமலே வளர்த்திருந்தால்? பத்திரிகை அடிக்கிற நேரத்தில் அதுவும் வெளியே வரட்டும் என்கிறீர்களா?

யூத அடையாளம் அம்மா வழியாக வருகிறது என்பதால், அம்மாவிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பார்க்கிறீர்களாம். அஷ்கெனாசி (ஐரோப்பிய வம்சாவளி) யூதர்களில் சுமார் 40 சதவீதம் பேர் நான்கே பெண்களின் வழிவந்தவர்கள் என்று 2006இல் ஒரு ஆய்வு சொன்னது உண்மைதான். மீதிப் பேர்? பொருந்தாவிட்டால் ஒன்றும் குறையில்லை என்பீர்கள், ஆனால் பொருந்தாத பெண்ணின் ஃபைலை அப்புறம் எந்தக் கண்ணால் பார்ப்பீர்கள்? முறைப்படி மதம் மாறி வந்தவளும் அவள் பிள்ளைகளும் முழு யூதர்கள் என்பது உங்கள் மதச் சட்டமான ஹலாகாதானே. தாவீது ராஜாவின் கொள்ளுப்பாட்டி ரூத் ஒரு மோவாபியப் பெண். அவள் எச்சிலை எந்த லேபுக்கு அனுப்பலாம்?

வெளியாளுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். எங்கள் கொங்கணக் கரையிலிருந்து வந்த பெனே இஸ்ரேல் என்கிற இந்திய யூதர்களின் வம்சத்தைத் தோண்டச் சொல்லி 1962இல் உத்தரவு போட்டது உங்கள் அலுவலகம்தான். அவர்கள் தெருவில் இறங்கிப் போராடி, 1964இல் உங்கள் நாடாளுமன்றமே அவர்களும் எல்லாரையும் போல யூதர்கள்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. நீங்கள் மறந்திருக்கலாம்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சாட்சி, பழைய காகிதம், கல்லறைக் கல், பாட்டி பேசிய இத்திஷ் மொழி என்று விசாரிக்க உங்களிடம் எவ்வளவோ வழி இருக்கிறது. டிஎன்ஏ மட்டும் கேட்காதீர்கள், ஆலோசனை என்ற பெயரிலும் வேண்டாம். இதை எழுத்தில் போட்டு எல்லாப் பதிவாளர்களுக்கும் அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். 1962இல் உத்தரவு அனுப்பத் தெரிந்த அலுவலகத்துக்கு இது பெரிய வேலையில்லை.